நகைச்சுவை நங்கை

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், நகையை அவற்றுள் முதலாக வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கிடத்தும் பிறக்கும் என்றும் வரையறுத்தார். பிறரை எள்ளிச் சிரிக்கவைத்தல் எளிது. வாய்த்துடுக்கு உடையார் எவரும் அதனைச் செய்வர். தம்மையே பேதையாக ஆக்கிக்கொண்டு, ஒருவர் உள்ளமும் புண்படாமல் சிரிக்கவைத்தலே அரிது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் அவ்வரிய தொழிலைக் கைக்கொண்டு புகழெய்தியவர் லூசில் பால் அம்மையார்.

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில், 1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தொலைபேசிக் கம்பிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. மகளுக்கு மூன்று வயது நடக்கும்போதே, 1915இல், டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அருகிலிருந்த செலரான் என்னும் ஏரிக்கரை ஊரில், தாயைப் பெற்ற பாட்டனார் வீட்டில் லூசில் வளர்ந்தார். பாட்டனார் பேரப்பிள்ளைகளை நாடகக் கொட்டகைகளுக்கு அழைத்துச் செல்வார். விதை அங்கேதான் விழுந்தது போலும்!

பதினைந்தாம் வயதில் அவர் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றிற் சேர்ந்தார். கூச்சம் அவர் வாயை அடைத்தது. இப்பெண்ணுக்கு நடிப்பு வாராது என்று கூறி ஆசிரியர்கள் திருப்பி அனுப்பிவிட்டனர். பின்னர் ஆடை விற்கும் நிலையத்தில் புத்தாடை உடுத்திக் காட்டும் பணி கிடைத்தது. அதிலும் நிலைக்க முடியாமல் மூட்டுநோய் வந்து வருத்திற்று. 1933இல் ஆலிவுட் சென்று திரைப்படக் கூட்டக் காட்சிகளில் நிற்கத் தொடங்கினார். ஆர்.கே.ஓ. நிறுவனத்திற் சம்பளத்துக்கு அமர்ந்து சிறு வேடங்கள் பல ஏற்றார். படங்கள் எண்ணிக்கையில் மிகுந்தன. பெயர் மட்டும் ஓங்கவில்லை. 1940இல், கியூபா நாட்டிற் பிறந்த இசைக்கலைஞர் டெசி அர்னாசை மணந்தார்.

1948 முதல் அவர் நடித்து வந்த வானொலி நாடகம் ஒன்று மக்களுக்குப் பிடித்திருந்தது. அதனைப் போன்றதொரு நாடகத்தைத் தொலைக்காட்சியில் நடத்த சி.பி.எஸ். நிறுவனத்தார் அழைத்தனர். தம் கணவரே நாடகத்திலும் கணவராக நடித்தல் வேண்டும் என்றார் அம்மையார். அயல்மொழி வாடை வீசும் பேச்சினர் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்பரோ என்று நிறுவனத்தார் ஐயுற்றனர். சொல்லால் வாதிட்டுப் பயனில்லை என்று கண்ட இருவரும், 1950இல் ஊர் ஊராகச் சென்று மேடையில் இணைந்து நடித்தனர். கொட்டகைகளில் எழுந்த சிரிப்பே ஐயத்தைத் தீர்த்தது.

அடுத்த வழக்கு, எங்கிருந்து நடிப்பது என்பது. அந்நாளில் நாடகங்களைப் பெரும்பாலும் நியூயார்க்கில் நடிக்கும்போதே ஒளிபரப்பினர். மேற்குக் கரையிலிருந்து நடித்தால், மக்கள் மிகுந்த கிழக்குப் பகுதியார் தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்த மங்கலான படியையே காண நேரும். கலிபோர்னியாவை விட்டுப் பெயர விரும்பாத தம்பதியர், திரைப்படச் சுருளிலேயே நாடகத்தைப் பதிவு செய்வோம் என்றனர். செலவு மிகும் என்று எதிர்ப்பு எழுந்தது. வாரந்தோறும் 1,000 டாலர் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ள இசைந்து, படச்சுருள்களின் உரிமையைத் தம் 'டெசிலு' நிறுவனத்துக்குப் பெற்றனர். ஒருமுறை ஒளிபரப்பிய நாடகத்தை மீண்டும் யார் காண்பர் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அச்சுருள்களே பின்னாளில் பெருஞ்செல்வம் ஆயின.

ஒளிப்பதிவுக்கு வந்தவர், செருமானியத் திரைப்படங்களிற் பெயர் பெற்ற கார்ல் பிராயிண்டு. ஏறத்தாழ 300 பேர் எதிரே அமர்ந்திருக்க, மூன்று படப்பொறிகள் ஒரே வேளையில் இயங்க, காட்சிகள் நாடகம்போல் வரிசையாக நடைபெற்றன. மக்களின் உண்மையான சிரிப்பும் பதிவாயிற்று.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் 'ஐ லவ் லூசி' ஒளிபரப்பாகத் தொடங்கியது. நாடகத்து லூசி, கலைமேடையேறப் பெரிதும் விரும்புபவள். கணவன் இசையாததால் சூழ்ச்சி செய்து, ஒவ்வொரு முறையும் அகப்பட்டுக்கொள்பவள். 1952இல் வந்த மிட்டாய்த் தொழிற்சாலைக் காட்சி புகழ் பெற்றது. ஓடும் பட்டையில் வரும் சாக்கலேட்டுகளை லூசியும் தோழியும் தாளில் மடிக்க வேண்டும். பட்டையோ விரைவு கொள்கிறது. மடிக்க இயலாதவற்றை இருவரும் வாயில் அடைக்கின்றனர்; தொப்பியில் ஒளிக்கின்றனர்; சட்டைக்குள் திணிக்கின்றனர். கண்காணிப்பவள் வந்து, வேலை நன்று என மகிழ்ந்து, பட்டையை இன்னும் விரைவாக ஓட்டச் சொல்கிறாள்!

காண்போர்க்கு இஃது அப்போதைக்கப்போது நேர்ந்த விபத்தெனத் தோன்றும். உண்மை அதுவன்று. கையாளும் பொருள் ஒவ்வொன்றையும் முன்னரே பலமுறை எடுத்துப் பழகி, அடியெடுத்து வைக்கும் இடத்தையும் வரையறுத்துக்கொண்ட பின்னரே அம்மையார் மக்கள்முன் வருவார். ஒத்திகையில் அவர் கண்டிப்பு மிக்கவர். உடன் நடிப்போர் அஞ்சியதும் உண்டு. தொட்டதெல்லாம் கெடுக்கும் லூசியைப் படைத்தவர், தம் தொழிலில் எதனையும் கெடவிடாதவர்.

1952இல் அவர் மீண்டும் கருவுற்றார். கருவுற்ற பெண்ணைத் தொலைக்காட்சியில் காட்டுதல் தகாது என்பது அந்நாளைய எண்ணம். தம்பதியரோ அதனையே கதையாக்கினர். ஆயினும் 'கருவுற்றாள்' என்னும் நேர்ச்சொல்லை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சமயப் பெரியார் மூவர் கதைகளைப் படித்து இசைவளித்தனர். 1953 சனவரி 19ஆம் நாள் அம்மையார் மருத்துவமனையில் மகனை ஈன்றார். அன்றிரவே நாடகத்து லூசியும் மகனை ஈன்றாள். அதனைக் கண்டவர் 4 கோடியே 40 இலட்சம் பேர் என்பர். மறுநாள் குடியரசுத் தலைவராக ஐசன்ஹோவர் பதவியேற்றதைக் கண்டவரோ 2 கோடியே 90 இலட்சம் பேரே.

அவ்வாண்டே இடர் ஒன்றும் வந்தது. 1936இல் பொதுவுடைமைக் கட்சிச் சார்பினர் என அவர் வாக்காளர் பதிவு செய்திருந்தது வெளிப்பட்டது. பாட்டனாரின் மனம் மகிழவே அவ்வாறு செய்தார் என்று விசாரணைக் குழுவிடம் அவர் விளக்கினார். அத்தகைய ஐயத்தால் கலைஞர் பலர் பிழைப்பிழந்த காலம் அது. படப்பிடிப்புக்கு மக்கள் கூடிய மாலையில் கணவர் முன்வந்து உண்மையை உரைத்தார்; பின்னர் மேடைக்கு வந்த அம்மையாரை அவர்கள் ஆரவாரித்து வரவேற்றனர்.

1957இல் டெசிலு, ஆர்.கே.ஓ.வின் படப்பிடிப்பு நிலையங்களையே விலைக்கு வாங்கியது. முன்பு சம்பளத்துக்கு அமர்ந்திருந்த இடத்துக்கு அவர் உரிமையாளர் ஆனார். 1960இல் மணவாழ்க்கை முறிந்தது. 1962இல் கணவரின் பங்கையும் வாங்கித் தாமே தலைமை ஏற்றார். பெரிய தொலைக்காட்சிப் படநிறுவனம் ஒன்றை ஒரு பெண்மணி நடத்தியது அதுவே முதன்முறை. தம் நிறுவனத்திலேயே சிலர் செலவுக்கு அஞ்சித் தயங்கியபோதும், 'ஸ்டார் டிரெக்' தொடருக்கு அவர் துணைநின்றார். 1967இல் நிறுவனத்தை விற்றுவிட்டார், நடிப்பை விடவில்லை.

1986இல், எழுபத்தைந்து வயதில், மீண்டும் ஒரு நாடகத்தில் தோன்றினார். எட்டுக் கதைகளோடு அது நின்றுபோயிற்று. முதியவர் தடுமாறினால் காண்போர்க்கு அச்சம் பிறக்கும். அச்சம் புகுந்த இடத்தில் நகை தங்காது. 1989 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

செலரான் பூங்காவில் 2009இல் அவருக்கு வெண்கலச் சிலை நிறுவினர். அதன் முகம் பேயைப்போல் அச்சுறுத்துகிறது என்று ஊரார் முறையிட்டமையால், 2016இல், அவர் பிறந்த நாளன்று, அழகிய சிலை ஒன்றை அமைத்தனர். பழைய சிலையை உருக்கிவிட மனம் வரவில்லை. அப்பூங்காவிலேயே சற்றுத் தள்ளி நிறுத்தி வைத்தனர். வருவோர் அதனருகிலும் நின்று, சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கின்றனர்.