கேலிக்காரரும் அழுவார்!

என் கணவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே கிடையாது. கல்யாண வீடானாலும் சரி, துக்க வீடானாலும் சரி, நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். சொந்தத் தம்பி காலமாகி, காரியம் நடந்த அன்றுகூடப் பந்தியில் கேலி பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூடப் பிறந்தவர் போயிருக்கார். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டே விட்டேன். அதற்கும் ஒரு ஜோக்தான் பதில்.

மூன்று வருஷம் கழித்து, மகளின் பிரசவத்துக்காக நாங்கள் இருவரும் அமெரிக்கா போயிருந்தோம். பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது என்று எனக்குப் பொழுது பறந்துவிடும். இவருக்குத்தான் போகவில்லை. "மாமா, இதைப் பாருங்க. உங்களை மாதிரியே ஒருத்தர் வர்றார்" என்று மாப்பிள்ளை 'மாஷ்' என்ற பழைய நகைச்சுவைத் தொடரைப் போட்டுக் கொடுத்தார். ராத்திரி அடுக்களையை ஒழித்துவிட்டு நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். புரியாததை மாப்பிள்ளை விளக்குவார்.

1972 முதல் 1983 வரை 11 வருஷம் ஓடிய தொடர் அது. கொரிய யுத்தத்தின்போது, போர்முனைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து நடத்தும் ராணுவ ஆஸ்பத்திரிதான் கதைக்களம். அசல் யுத்தமோ 1950லிருந்து 1953 வரை மூன்றே வருஷம்! கதாநாயகன் ஹாக்ஐ, ஆபரேஷன் செய்யும் டாக்டர். ஆலன் ஆல்டா நடித்திருக்கிறார்.

ஆரம்பத்தில் எனக்கு அந்த ஹாக்ஐயைப் பிடிக்கவே இல்லை. கூடாரத்திலேயே சாராயம் காய்ச்சிக் குடிப்பதும், நர்சுகள் பின்னால் சுற்றுவதும், கூட இருக்கும் டாக்டரைப் பாடாய்ப் படுத்துவதும்... இவர் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஆனால் போகப் போக ஆள் மாறிக்கொண்டே வந்தான். முதல் வருஷமே பழைய சிநேகிதன் ஒருவன் அவனுடைய ஆபரேஷன் மேஜையிலேயே உயிரை விடுகிறான், ஹாக்ஐ அழுகிறான். 1975ல் அவர்களுடைய தலைமை அதிகாரி ஊருக்குத் திரும்பும் வழியில் விமானத்தோடு போய்விடுகிறார். 1976ல் வந்த ஒரு கதையில் தூக்கத்தில் எழுந்து நடக்கிறான், கெட்ட கனவு கண்டு அலறுகிறான். 1980ல் வந்த கதையில் குடித்ததற்கான கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டு, ஒரு வாரம் குடியை நிறுத்திப் பார்க்கிறான். கேலி குறைந்து, உபதேசம் கூடிவிட்டது. "பழைய ஹாக்ஐதான் நல்லா இருந்தான்னு சொல்றவங்க நிறைய பேர், அத்தை" என்றார் மாப்பிள்ளை. எனக்கென்னவோ இப்போதுதான் அவனைப் பிடித்தது.

கடைசிக் கதை 1983 பிப்ரவரி 28ந் தேதி ஒளிபரப்பானது. அமெரிக்காவில் 10 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்களாம். அதில் ஹாக்ஐ மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறான். ஒரு ராத்திரி, அகதிகளோடு பஸ்ஸில் ஒளிந்திருந்தபோது நடந்ததை டாக்டரிடம் சொல்கிறான். பக்கத்தில் எதிரிப் படை. ஒரு பெண்ணின் மடியில் கோழி கத்துகிறது. "சத்தத்தை நிறுத்து" என்று இவன் அதட்டுகிறான். அவள் அதை அமுக்கிக் கொன்றுவிடுகிறாள். டாக்டர் மெல்ல மெல்லக் கேட்கக் கேட்கத்தான் உண்மை வெளியே வருகிறது. அது கோழி இல்லை, அவளுடைய குழந்தை.

பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். கொல்லைப்புறக் கதவைத் திறந்து, அந்தக் குளிரில் சால்வைகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு ராத்திரி தம்பி போன் பண்ணினான். நெஞ்சு பிசையுதுன்னான். பொண்டாட்டி சமையல் அப்படி, பெருங்காயம் போட்டு மோர் குடிடான்னேன். அவனும் சிரிச்சான். விடியறதுக்குள்ளே போயிட்டான்" என்றார்.

மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. நான் மனசு இருக்கிறதா என்று கேட்டேனே, அதைச் சுமந்துகொண்டுதான் ஜோக் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. சால்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஒருநாள் தம்பி மனைவியிடமும் போய்ச் சொன்னார். அவள், "எங்கிட்டேயும் வாயுன்னுதான் சொன்னார் அத்தான். நானும் ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வச்சேன்" என்றாள். இரண்டு பேரும் ஒரே பாரத்தைத் தனித்தனியே சுமந்திருக்கிறார்கள்!

இப்போதும் இவர் கேலி பேசத்தான் செய்கிறார். ஆனால் சில நாள் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பழைய மனுஷரைக் காணோமே என்று உறவுக்காரர்கள் குறைப்படுகிறார்கள். எனக்குக் குறை இல்லை. காப்பியைக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேலிக்காரர் இருப்பார். சிரித்து முடித்த பிறகு அவர் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். நெஞ்சு பிசைகிறது என்று யாராவது சொன்னால் மோரும் ஓமத்தண்ணியும் அப்புறம் இருக்கட்டும். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.