ஊறும் அதிர்வலையும்

ஐம்புலவுணர்வுகளுள் ஒன்றாகிய தொடுவுணர்வுக்கும், உடலுக்கு நேரும் தீங்குக்கும் ‘ஊறு’ என்னும் ஒரே சொல்லை வழங்கினர் நம் முன்னோர். தொட்டும் தட்டியுமே நாட்பட்ட ஊறுபாட்டைத் தீர்க்க முயலும் மருத்துவமுறை ஒன்று இக்காலத்து உளது. அதனை ‘அதிர்வலைச் சிகிச்சை’ என்பர். இயன்முறை மருத்துவத்தில் இடம்பெற்றுள்ள அதனைக் குறித்து யாம் அறிந்தவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இதன் பிறப்பு வியப்புக்குரியது. ஜெர்மனி நாட்டு டோர்னியர் வானூர்தி நிறுவனத்தார், ஒலியினும் விரைந்து செல்லும் ஊர்திகளின்மீது மழைத்துளி மோதுங்கால் உண்டாகும் சேதத்தை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியிற் பெற்ற அறிவு, உடலை அறுக்காமலே சிறுநீரகக் கல்லை நொறுக்கும் பொறிக்கு வழிகோலிற்று. 1980 பிப்ரவரி 7-ஆம் நாள் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்கு அச்சிகிச்சை நடைபெற்றது. பின்னர், எளிதிற் கூடாத எலும்புமுறிவுகளுக்கு அதனைப் பயன்படுத்திக் கண்டதைப் பல்கேரிய மருத்துவர் இருவர் 1991-இல் வெளியிட்டனர். 2000-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் குதிகால் வலிக்கு இவ்வகைப் பொறியொன்றை ஒப்புக்கொண்டது.

குதிகால் வலி எம் பொட்டிபுரத்தார்க்குப் புதியதன்று. போடியிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் மகளிர் பலர் வைகறையில் ஜீப்பு ஏறி ஏலமலைத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். ஏலக்காய் செடியின் உச்சியிற் காய்ப்பதன்று. தூரினின்று புறப்படும் சரங்களிற் காய்ப்பது. ஆதலின் சரிவிற் காலூன்றிக் குனிந்தும் குந்தியும் பகலெல்லாம் காயெடுத்தல் வேண்டும். குதிகாலினின்று விரல்களின் அடிவரை, வில்லுக்கு நாண்போல் இழுத்துக் கட்டிய திசுப்பட்டை ஒன்று உண்டு. ஓயாப் பளுவால் அது நைந்துபோமாயின், காலையில் எழுந்து வைக்கும் முதலடியே முள்ளில் வைத்தது போலாகும்.

எம் அத்தையார் இவ்வலியை ஈராண்டுக்கு மேல் பொறுத்திருந்தார். ஒத்தடம், தைலம், ஊசி யாவும் சின்னாளே உதவின. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சிகளைச் சில திங்கள் செய்தும் வலி எஞ்சி நின்றமையால், இயன்முறை மருத்துவர் அதிர்வலையைப் பரிந்துரைத்தார். “வாரம் ஒருநாள் கூலி போய்விடுமே, மருமகனே, அப்படியும் ஆறாவிட்டால் என்ன செய்வது?” என்று அத்தையார் எம்மை வினவினார். அவ்வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. உடன்வருவதாக மட்டும் கூறினோம்.

பொறி சிறிதே. கைப்பிடிக் குழலினுள் அழுத்தமிக்க காற்று ஓர் உலோகக் குண்டை உந்த, அது முனையில் மோதி எழுப்பும் அழுத்தவலை, பசை தடவிய தோலின் வழியே உட்புகுகின்றது. ஆழத்தில் ஓரிடத்திற் குவியும் அலைகளை எழுப்பும் பொறிகளும் உள. ஓரமர்வுக்கு ஏறக்குறைய 2,000 தட்டுக்கள். வாரம் ஒன்றாக 3 முதல் 5 அமர்வுகள் என்பது பெருவழக்கு. முதல் அமர்வில் அத்தையார் மேசையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். மெல்லியதோர் ஊறு செய்து, ஆறுதலை மறந்த திசுவை மீண்டும் ஆறத் தூண்டுவதே இதன் கருத்து. புதிய குருதி நுண்குழாய்கள் தோன்றுதலும், வலியுணரும் நரம்புகள் தணிதலும் இதன் பயன் என்பர். ஆதலின் நலம் அன்றே தெரிவதன்று. வாரங்கள் பல கழிந்தே தெரியும்.

இஃது எல்லா ஊறுகளுக்கும் மருந்தாகாது. குதிகால் வலிக்குப் பயனுண்டென ஆய்வுகள் பல கூறினும், தோள் தசைநார் நோய்க்குக் கிடைக்கும் நலம் மிகச் சிறிதே என 2020-இல் காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு கண்டது. கருவுற்றோர், குருதி உறைதலிற் குறையுடையோர், அவ்விடத்திற் புற்றுக்கட்டி உடையோர் ஆகியோர்க்கு இது விலக்கு. பயிற்சியை விடுத்து இதனை மட்டும் நாடுதலும் தகாது.

மூன்றாந் திங்களில் அத்தையார்க்கு வலி பெரும்பாலும் தணிந்தது, முற்றும் நீங்கிற்றில்லை. அவர் மீண்டும் ஏலமலைக்கே செல்கின்றார். அலை குதிகாலை ஆற்றும், மலைச்சரிவைச் சமன்செய்யுமோ?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாயிலுக்கே கொணர முற்பட்டது நற்றொடக்கமாம். தோட்டவேலை செய்வார்க்கு வலி முற்றுமுன்னரே தக்க பயிற்சியும், குதிகாலைத் தாங்கும் காலணியும், கூலி இழவாத ஓய்வுநாளும் கிடைக்குமாயின், பலர்க்குப் பொறியே வேண்டாதொழியும். ஏலத்தின் மணத்தை நுகர்வோர் அனைவரும், அதனை எடுத்த கைகளோடு அச்சரிவில் ஊன்றி நின்ற கால்களையும் நினைப்பாராக.