பனிக்காலத்தில் வாருங்கள்

எழுத்தாளனோடு பிரயாணம் செய்கிறவர்கள் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவன் சட்டைப் பையில் ஒரு சிறிய நோட்டுப் புஸ்தகம் இருக்கும். நீங்கள் சிரித்தாலும் அதில் குறித்துக்கொள்வான், அழுதாலும் குறித்துக்கொள்வான். ஐம்பது வருஷமாக எனக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இதற்காக வெட்கப்பட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, 2023 ஜூன் மாதம் வரையில்.

என் அத்தையின் கொள்ளுப்பேத்தி அமெரிக்காவில் நூலக இயல் படிக்கிறாள். அந்தப் படிப்பில், சில வாரங்கள் ஒரு நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ இருந்து நேரில் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். எத்தனையோ பெரிய நகரங்கள் இருக்க, இவள் அரிசோனா மாநிலத்தின் வட கோடியில் நவஹோ பழங்குடி மக்கள் தாங்களே நடத்தும் டினே கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள். மகன் வீட்டுக்கு வந்திருந்த என்னையும், "வாருங்கள் தாத்தா, உங்களுக்குக் கதை கிடைக்கும்" என்று அழைத்துப் போனாள். கதை என்ற சொல்லைக் கேட்டபின் நான் வீட்டில் இருப்பேனா?

ஸெய்லி என்பது அந்த ஊரின் பெயர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி. செம்மண்ணும் செம்பாறையுமாக மணிக்கணக்கில் வண்டி ஓடிய பிறகு, மலையடிவாரத்தில் ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டிடம் ஒன்று எட்டுப் பட்டையாக எழுந்து நிற்கிறது. ஹோகன் என்ற அவர்களுடைய பழைய வீட்டின் வடிவமாம் அது. ஹோகனின் வாசல் கிழக்கே பார்த்திருக்கும் என்று பேத்தி சொன்னாள். நம் ஊர்ப் பெரியவர்கள் யாராவது மனை பார்த்துக் கொடுத்திருப்பார்களோ என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

சிரிக்காத காரணம் பிறகு தெரிந்தது. 1864-ஆம் வருஷம் அமெரிக்க ராணுவம் அந்த மக்களின் பயிரையும் பழமரங்களையும் அழித்து, அவர்களைச் சுமார் முந்நூறு மைல் நடக்க வைத்து, நியூ மெக்ஸிகோவில் ஒரு பொட்டல்வெளியில் அடைத்துப் போட்டது. வழியிலும் அங்கேயும் மாண்டவர்கள் அநேகம். 1868-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். முப்பது குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஓர் ஆசிரியரும் தருவதாக அதில் வாக்குறுதி இருந்தது. பின்னால் வந்த பள்ளிகளிலோ, தாய்மொழியில் பேசிய குழந்தைகளுக்குத் தண்டனை கிடைத்தது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1968-இல், அந்த மக்கள் தங்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தாங்களே நிறுவினார்கள். அமெரிக்காவில் பழங்குடியினர் தம் பொறுப்பில் தொடங்கிய முதல் கல்லூரி அதுதான்.

நூலகத்தில் எங்களை வரவேற்ற அம்மாள் முதலில் தம் தாயின் குலத்தைச் சொன்னார். பிறகு தந்தையின் குலம், தாயைப் பெற்ற பாட்டனார் குலம், தந்தையைப் பெற்ற பாட்டனார் குலம் என்று நான்கையும் சொல்லி முடித்த பிறகுதான் உட்காரச் சொன்னார். கோத்திரம் சொல்லி நமஸ்கரிக்கிற வழக்கம் தெரிந்த எனக்கு அது புதுமையாகப் படவில்லை. தாயார் முதலில் வந்தது மட்டும் புதுமையாக இருந்தது.

பேத்திக்குக் கிடைத்த வேலை, ஏதோ ஒரு குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்த ஒரு பெட்டி ஒலிநாடாக்களைப் பட்டியல் போடுவது. பேசுகிறவர் யார், எந்தக் குலம், எந்த வருஷம், நாடா எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ஒலி கேட்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு நாடாவைச் சுழல விட்டாள். ஒரு கிழவியின் குரல். பாஷை எனக்கு ஓர் அட்சரம் புரியவில்லை. ஆனாலும் கதை சொல்கிற குரல் எந்தத் தேசத்திலும் தெரிந்துவிடும். கிழவி நிறுத்தினாள், தானே சிரித்துக்கொண்டாள், மறுபடி தொடங்கினாள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

அந்த அம்மாள் உள்ளேயிருந்து வந்தார். அரை நிமிஷம் கேட்டார். மெல்லக் கையை நீட்டி நாடாவை நிறுத்தினார்.

"இது கயோட்டி நரியின் கதை. குளிர்காலத்தில்தான் சொல்லலாம். முதல் உறைபனி விழுந்த பிறகு, வசந்தத்தின் முதல் இடி இடிப்பதற்கு முன். பாம்பும் கரடியும் தூங்குகிற காலம் அது. பனிக்காலத்தில் வாருங்கள், கேட்கலாம்."

பிறகு பேத்தியிடம் பட்டியலில் இன்னும் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். எப்போது கேட்கலாம், யார் கேட்கலாம் என்பதற்கு.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நூலகம் என்பது திறந்து விடுவதற்கா, பூட்டி வைப்பதற்கா? சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்துகொண்டு 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதிய ரங்கநாதனின் ஊரிலிருந்து வருகிறவன் நான். இதை மரியாதையாகவே அவரிடம் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "யார் கேட்கலாம் என்று எங்களை வெகு காலம் யாரும் கேட்டதில்லை, ஐயா" என்றார். 1966-இல் தொடங்கி ஏழு பல்கலைக்கழகங்கள், டோரிஸ் டியூக் என்ற சீமாட்டியின் பணத்தைக் கொண்டு, நாடு முழுவதும் பழங்குடிப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்தன. பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் பாட்டியின் குரலைக் கேட்க வேண்டுமானால் பல்கலைக்கழகத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. 2020-க்குப் பிறகுதான் அவற்றைப் பிரதி எடுத்து அந்தந்தச் சமூகங்களுக்கே திருப்பிக் கொடுக்கும் வேலை மும்முரமாயிற்று. பழங்குடி ஆவணங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று 2006-இல் இதே அரிசோனாவின் பிளாக்ஸ்டாப் நகரில் கூடி நெறிமுறைகள் எழுதினார்கள். அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கம் அவற்றை ஏற்றுக்கொண்டது 2018-இல். பன்னிரண்டு வருஷம்!

அவர் என்னை வெறுங்கையோடும் விடவில்லை. அந்தக் கல்லூரியே 1973-இல் வெளியிட்ட ஒரு புஸ்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். நெடும் நடை நடந்தவர்களைப் பற்றி அவர்களுடைய சந்ததியார் சொன்ன கதைகள். "இவை அச்சில் வரட்டும் என்று சொன்னவர்கள் சொன்னவை" என்றார். சாயங்காலம் வரையில் அதைப் படித்தேன். நோட்டுப் புஸ்தகம் பையிலேயே இருந்தது.

திரும்பி வருகிற வழியில் பேத்தி வெகு நேரம் பேசாமல் வண்டி ஓட்டினாள். பிறகு, "தாத்தா, கொள்ளுப்பாட்டியைப் பற்றி எழுதினீர்களே, அவளைக் கேட்டுக்கொண்டா எழுதினீர்கள்?" என்றாள்.

கேட்கவில்லை. ஒரு மழை இரவில், கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில், அத்தை தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை என்னிடம் சொன்னாள். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன்; கதை பத்திரிகையில் வந்தது; பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் போனால் காப்பி கொடுப்பாள், குழந்தைகளை விசாரிப்பாள். கதை மட்டும் ஒன்றுகூடச் சொன்னதில்லை. வயதாகிவிட்டது, மறந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் இறந்து போகும் வரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் அத்தையின் மகனைப் பார்க்கப் போனேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என் கதைகளைத் தொகுதியாகப் போட ஒரு பதிப்பாளர் கேட்கிறார், அந்தக் கதையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? அது அம்மா சொத்து. அவளிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?" என்றார்.

தொகுதி வெளிவந்துவிட்டது. என் கதைகளில் பலருக்கும் பிடித்த ஒன்று அதில் விட்டுப் போயிருப்பதாக வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அச்சகத்தின் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். காரணத்தை இப்போது சொல்லிவிட்டேன்.