கோழித் தீவனமும் என் டிபன் பாக்ஸும்



மலருக்கு ஏதாவது எழுது என்று சொன்னதும் எல்லோரையும் போல நானும் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. வராததை விட்டுவிட்டு, தெரிந்ததை எழுதுவோம் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்தது மக்காச்சோளம். சிரிக்காதீர்கள், கடைசி வரை படியுங்கள்!

எங்கள் வீடு குறிஞ்சிப்பாடியில். அப்பா கைலி நெய்கிறார். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். ஐப்பசி, கார்த்திகை ஊருக்கெல்லாம் மழைக்காலம். எங்களுக்குத் தறி நிற்கும் காலம். குழியில் தண்ணீர் ஊறிவிடும். பாவு ஈரம் பிடித்து அறுந்துகொண்டே இருக்கும். நெய்தால்தானே கூலி? ரேஷன் அரிசி இருப்பதால் சோற்றுக்குக் குறை இல்லை. தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இருக்காது. அடை மழையில் கத்தரிக்காய் விலையைக் கேட்டுவிட்டு அம்மா வெறும் பையோடு திரும்பி வருவார்.

அந்த நேரத்தில் கைகொடுப்பவர் மாமா. அம்மா பிறந்த ஊர் வேப்பூர் பக்கம், மானாவாரி நிலம். ஆவணி, புரட்டாசி மழைக்கு மக்காச்சோளம் விதைப்பார்கள். முற்றிக் காய்ந்த மணி மூட்டையாகி நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். 2018-ல் படைப்புழு வந்து குருத்தையே தின்றபோது மாமா வெறுங்கையோடு நின்றார். மற்ற வருஷங்களில் மணி பால் பிடித்ததும் அரை மூட்டை பச்சைக் கதிரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார். ஒரு வாரம், பத்து நாளைக்கு அதுதான் எங்கள் காய்கறி!

போன கார்த்திகையில் நடந்தது இது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். சோறு, ரசம், ஓரத்தில் சோளப் பொரியல். பக்கத்தில் இருந்த நண்பன் எட்டிப் பார்த்தான். "என்னடா மச்சான், கோழித் தீவனமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கெட்டவன் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து மூன்று நாள் ஒர்க்‌ஷாப் பின்னால் புங்கமரத்தடியில் பாக்ஸைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். காக்காய் தின்றது. நான் வரும் பஸ் தினமும் வடலூர் வழியாகத்தான் வருகிறது. பசித்தவர்களுக்காக வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையாத ஊர் அது. அந்த ஊரைத் தாண்டி வந்துதான் நான் சோற்றைக் கொட்டினேன். சாயந்திரம் அம்மா, "சோறு எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்பார். "நல்லா இருந்துச்சும்மா" என்பேன்.

நான்காம் நாள் காலையில் பையைத் தூக்கினேன், கனத்தது. உள்ளே இன்னொரு பெரிய டப்பா. "நல்லா இருக்குன்னு தெனம் சொன்னியே தம்பி... அதான் உன் சினேகிதப் பசங்களுக்கும் சேத்து வட சுட்டேன்" என்றார். நாலு மணிக்கே எழுந்து அரைத்திருக்கிறார். மழையில் நனைந்த விறகு, வீடெல்லாம் புகை, சிவந்த கண்.

அதைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை. மதியம் டப்பாவை நடுவில் வைத்துத் திறந்துவிட்டேன், என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று. ஆறிப்போன வடைதான். இரண்டு நிமிஷத்தில் காலி! "கோழித் தீவனம்" என்றவனே ஐந்து தின்றான். "எப்படி சுடுறதுன்னு அம்மாகிட்ட கேட்டு எழுதிட்டு வாடா" என்றான். இதோ எழுதிவிட்டேன்.

முதலில் நகப் பரீட்சை: ஒரே மூட்டையில் இளசும் முற்றலும் கலந்து வரும். மணியில் நகத்தால் அழுத்துங்கள். பால் தெறித்தால் சூப்புக்கு. மாவு போல வந்தால் வடைக்கு. நகம் இறங்காவிட்டால் பொரியலுக்கு. மணி முற்ற முற்ற உள்ளே இருக்கும் சர்க்கரை மாவுப்பொருளாக மாறுகிறது. பறித்த பிறகும் மாறிக்கொண்டுதான் இருக்கும். அதனால் இளசை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

சூப்: இரண்டு இளங்கதிரை உதிர்த்துக்கொள்ளுங்கள். சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், ருசியே அதில்தான்! சக்கையை ஒடித்து நாலு டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். பாதி மணியை அந்தத் தண்ணீரில் வேகவையுங்கள். மீதியை அரைத்து, கடைசியில் கிண்டிக்கொண்டே ஊற்றுங்கள். தானாகக் கெட்டியாகும். கடையில் விற்கும் கார்ன்ஃப்ளவரும் இதே சோளத்து மாவுதானே! தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, உப்பு. மழைக்கு அவ்வளவு இதம்.

வடை: நாலு கதிர் மணிக்கு ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு, ஒரு மணி நேரம் ஊறவேண்டும். தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைக்கவேண்டும், சோளத்தின் ஈரமே போதும். வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, கறிவேப்பிலை, உப்பு, இரண்டு ஸ்பூன் அரிசி மாவு. தட்டிச் சுடவேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: முழு மணி எண்ணெயில் விழுந்தால் வெடிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். பாப்கார்ன் பொரிவதும் இப்படித்தான். நாம் பாய்லரில் சேஃப்டி வால்வு படிக்கிறோம். அம்மா அதைப் படிக்காமலே, "ஒரு மணிகூட முழுசா இருக்கக்கூடாதுடா" என்கிறார்.

பொரியல்: முற்றிய பச்சை மணி என்றால் குக்கரில் நாலைந்து விசில். காய்ந்த மணி என்றால் ராத்திரியே ஊறவைத்து, இன்னும் கூடுதலாக வேகவிட வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்து, வெங்காயம் வதக்கி, வெந்த மணியைப் போட்டுப் பிரட்டி, தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் கப்பில் போட்டு வெண்ணெய் தடவி விற்கிறார்களே ஸ்வீட் கார்ன், அதுவும் மக்காச்சோளம்தான். அதில் சர்க்கரை அவ்வளவு சீக்கிரம் மாவாக மாறாது, அதனால் இனிக்கிறது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்து ரொட்டி சுடுகிறார்கள். நமக்கு அரிசி போல அவர்களுக்கு அது. கப்பில் வந்தால் கௌரவம், டிபன் பாக்ஸில் வந்தால் தீவனமா நண்பர்களே?

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டவர். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பார். இவ்வளவு சின்ன எழுத்து அவருக்கு ஓடாது. மலர் கைக்கு வந்ததும், "எங்க, என்ன எழுதியிருக்க, படி" என்று உட்காருவார். அந்த மூன்று நாள் வரும் இடத்தைத் தாண்டிப் படித்துவிடலாமா என்றும் யோசித்தேன். அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் படிக்கத் தெரியாத அம்மாவிடம், படித்த பையன் நாலு வரியை மறைத்தால் அந்தப் படிப்பு எதற்கு?

முழுசாகத்தான் படித்துக் காட்டப் போகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் அச்சில் ஏற்றிவிட்டேன்.



— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்