முதலில் ஒரு பலகையைக் கழற்றுங்கள்

லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கலாமா, சுவரில் ரேடியேட்டரே போதுமா? பதில் சொல்லுமுன் முன்னறையில் ஒரு தரைப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

பாதித் தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிடும். பலகைகளைத் தாங்கும் மரச்சட்டங்கள், அவற்றுக்குக் கீழே வெற்று மண், வெளிச்சுவரின் துளைச்செங்கல் வழியே வந்துபோகும் குளிர்காற்று. அந்தக் காற்றோட்டம்தான் இத்தனை காலம் மரத்தை உளுத்துப்போகாமல் காத்திருக்கிறது. குளிர்கிறதே என்று துளைகளை அடைத்துவிடக் கூடாது. சட்டம் 100 மி.மீ. உயரம் என்றால், அதன் மேல்விளிம்பில் வெட்ட விதி அனுமதிப்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12 மி.மீ. சொச்சம். தரைக்குழாயோ பெரும்பாலும் 16 மி.மீ. ஆகவே சட்டங்களுக்கு இடையே கம்பளிப் பஞ்சு திணித்து, அலுமினியத் தகடுகளில் குழாயை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தரையையே உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கதவுகளை அறுக்க வேண்டிவரும். மாடிப்படியின் முதல் படி மட்டும் குட்டையாகி, ஏறுபவர் காலை இடறும்.

மீதித் தீர்ப்பு கணக்கில் இருக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் பெரிய ஜன்னலும் உள்ள முன்னறை, கடுங்குளிர் நாளில் 1,500 வாட் வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தரையை 27 டிகிரிக்கு மேல் சூடாக்குவதில்லை. அறை 20 டிகிரியில் இருக்கும்போது அந்தத் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 70 வாட்தான் தரும். கணப்படுப்பும் அலமாரிகளும் போக 13 சதுர மீட்டர் மிஞ்சினால், மொத்தம் 910 வாட். மேலே கனத்த கம்பளம் விரித்தால் அதுவும் குறையும். இந்தக் கணக்குப் போடாமல் குழாய் பதித்த வீடுகளில் ஜனவரியில் மின் ஹீட்டர் ஓடுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

ரேடியேட்டருக்கும் கணக்கு உண்டு. இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், வெப்ப அமைப்பை முழுதாக மாற்றுபவர்கள் கூடியவரை 55 டிகிரிக்கு மேற்படாத நீரில் இயங்கும்படி அதை வடிவமைக்க வேண்டும். விலைப்பட்டியலில் அச்சிட்ட வாட், அறையைவிட 50 டிகிரி சூடான ரேடியேட்டருக்கானது. 55 டிகிரியில் நுழையும் நீர் உள்ளே ஓடும்போதே ஆறுவதால், 20 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் சுமார் 30 ஆகிவிடும்; அப்போது பாதிதான் கிடைக்கும். 1,500 வாட் வேண்டுமென்றால் பட்டியலில் ஏறக்குறைய 3,000 வாட் உள்ளதைத் தேட வேண்டும். 'இவ்வளவு பெரிசா?' என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஜன்னலடியில் வைத்தால் கண்ணாடியிலிருந்து இறங்கும் குளிர்காற்றை அது அங்கேயே மறித்துவிடும். நாளை பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைத்தாலும் அதே ரேடியேட்டர் உதவும்.

பின்பக்கம் புதிதாகக் கட்டும் சமையலறையில் நிலைமையே வேறு. அங்கே எப்படியும் மண்ணைத் தோண்டி கான்கிரீட் போடுகிறார்கள். கீழே தடித்த வெப்பக்காப்புப் பலகை, மேலே குழாய், அதன்மேல் சிமெண்ட் பூச்சு, ஓடு. அங்கே தரைச்சூட்டைத்தான் மனதாரச் சொல்வேன். சிமெண்ட் பூச்சு போட்டு 21 நாள் கழியும் வரை சூடேற்றக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருப்பேன், அவசரப்பட்டால் வெடித்துவிடும். மாடிப் படுக்கையறைகளுக்கோ, கேட்டவுடன் சூடேறிச் சட்டென ஆறும் ரேடியேட்டர்தான்.