கேமராவும் நிய்யத்தும்



குடும்பத்திற்கென ஒரு கேமரா வாங்க எண்ணியபோது, இரண்டு எங்கள் முன் நின்றன. ஒன்று, ஒலிம்பஸ் டிஜி-6. 15 மீட்டர் ஆழத்திலும் நீர் புகாது; 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும். மற்றொன்று, நிகான் டி3500 என்னும் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர். மழையும் மணலும் அதற்கு ஆகா.

காயல்பட்டினக் கடற்கரையில் ஓடியாடும் பிள்ளைகள் முதலாவதையே கேட்டனர். உப்புக்காற்று வீசும் ஊரில் அது நியாயமான கோரிக்கைதான்.

ஆயினும், எதைப் பேணி வைக்க விரும்புகிறோம் என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். மறைந்த வாப்பாவின் முகம் அடையாள அட்டை அளவிலேயே எங்களிடம் எஞ்சியுள்ளது. உம்மாவுக்கோ வயது எண்பதை நெருங்குகிறது. மஃரிபுக்குப் பின் விளக்கொளியில் அவர் குர்ஆன் ஓத அமரும் தோற்றமே எங்கள் வீட்டின் அழகு. ஃப்ளாஷ் அவர் கண்களைக் கூசச் செய்யும். டிஎஸ்எல்ஆரின் சென்சார், சிறிய கேமராவினதைக் காட்டிலும் ஏறத்தாழ 13 மடங்கு பரப்புடையது; மங்கிய ஒளியிலும் படம் தெளிவாகப் பதியும்.

உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆதலால் உம்மாவிடமே கேட்டோம். "சுவத்துல மாட்டாதீங்க, பேரப்புள்ளைங்க பார்த்து துஆ செய்யட்டும்" என்றார்.

உடன் வரும் 18-55 லென்ஸே போதுமென்று நிறுத்திக்கொண்டோம். வீண்விரயத்தின் வாசல் கூடுதல் லென்ஸ்களில்தான் திறக்கிறது. கடற்கரைக்குச் செல்லும் நாட்களில் கேமரா வீட்டிலேயே இருக்கும். பிள்ளைகளின் அலைவிளையாட்டுக்கு எங்கள் கண்களே போதும்.

நிய்யத் தெளிவானால் தேர்வும் எளிதாகிறது. எங்கள் உம்மாவுக்கும் உங்கள் பெற்றோருக்கும் அல்லாஹ் நலமிகு நீண்ட ஆயுளை அருள்வானாக. ஆமீன்.