ஐயாவின் துவக்கும் களிமண் புறாவும்

கண்டாவளையிலே எமது பழைய வீட்டுச் சுவரில் இரண்டு மரமுளைகள் இருந்தன. ஐயாவின் ஒற்றைக்குழல் துவக்கு அவற்றின்மீது கிடந்ததாம். கச்சேரி அனுமதியோடு, வயலுக்கு வரும் பன்றிக்கென வைத்திருந்தது. நாம் விபரம் அறியுமுன்னரே போர்க்காலம் அதனைக் கொண்டுபோயிற்று. பின்னர் அம்மா முளைகளில் குடையைத் தொங்கவிட்டார். 2010இல் மீண்டு வந்தபோது அந்தச் சுவரும் இல்லை.

அன்றுமுதல் ஐயாவுக்கு வெடிச்சத்தம் ஆகாது. திருவிழாவில் வாணம் விட்டாலும் எழுந்து வீடு திரும்பிவிடுவார். ஆகவே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தட்டுச் சுடும் போட்டியை நாம் கைத்தொலைபேசியிலே பார்த்தபோது ஒலியை முற்றாக அடக்கியிருந்தோம். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபினரான பிருதிவிராஜ் தொண்டைமான் அதிலே சுட்டார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் வென்ற இந்திய அணியில் ஒருவர் அவர். பாரிஸில் இறுதிச் சுற்றை எட்டவில்லை.

ஐயா எப்போது அருகில் வந்தமர்ந்தார் என்பதை நாம் அறியோம்.

"குழல் ரெண்டும் பக்கத்துப் பக்கத்திலை எல்லோ இருக்கும்? உது மேலும் கீழுமாக் கிடக்குது."

ஒரே நேர்கோட்டில் குறிபார்ப்பதற்கே அவ்வமைப்பு என்றோம். எட்டு றாத்தல் வரை பாரம். அப்பாரமே வீச்சைச் சீராக்கி உதைப்பையும் தாங்கும். குழலோ ஏறக்குறைய 30 அங்குலம். தட்டு மேலெழுந்து பறப்பதால், சன்னங்கள் குறிக்குச் சற்று மேலே செல்லுமாறு துவக்கை அமைத்திருப்பார்கள். பன்றிக்குக் காவலிருப்பவனுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. ஆயினும் வாயளவு ஐயா அறிந்த அதே பன்னிரண்டுதான்: குழலுக்குப் பொருந்தும் ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு றாத்தல்.

"தம்பி, உது உடைஞ்சால் என்ன சாகுது?"

"ஒண்டும் சாகாது ஐயா. கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்த தட்டு."

களிமண் புறா என்பது பெயரளவிலேதான். 1900ஆம் ஆண்டு அதே பாரிஸில் உயிர்ப்புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள் என்பதை நாம் சொல்லவில்லை.

ஐயா நெடுநேரம் பேசவில்லை. பின்பு இடக்கையை நீட்டி, வலக்கையைத் தோளோடு சேர்த்து, மெல்லத் திரும்பினார். எழுபது கடந்த அந்த உடல் அதை மறக்கவில்லை.

"பறக்கிறதைச் சுடக்கூடாது. அதுக்கு முன்னாலை இருக்கிற வெறுவெளியைச் சுடவேணும்" என்றார். இன்னுமொரு தட்டு தூளாயிற்று.

"சத்தத்தைக் கொஞ்சம் விடு தம்பி, கேப்பம்."